குருப்பெயர்ச்சியும் பன்னிரண்டு வோல்ட்டும்

ரொம்ப நாளா எழுதல மக்களே. காரணம் ஆபீஸ் இல்ல, கரன்ட். கட் ஆகல, இருந்துச்சு. இருந்தும் பத்தல. அந்தக் கதைதான் இது.

ஜூஜுவாடியில இருந்துக்கிட்டு வானம் பாக்குற கிறுக்கு எதுக்குன்னு கேக்காதீங்க. ஒரு பக்கம் ஹைவே, இன்னொரு பக்கம் சிப்காட் விளக்கு. ஆனா ஒரு தடவை காவலூர் போய் அந்த 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பாத்துட்டு வந்தேன். 1986-ல வைணு பாப்பு பேரை வெச்ச வானாய்வகம் அது. நம்ம ஊர்ல இருந்து கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் தாண்டினா ஜவ்வாது மலை, அங்கதான். அன்னைக்குப் புடிச்ச பித்து, போனஸ் வந்ததும் மோட்டார் மவுன்ட் வெச்ச ஒரு டெலஸ்கோப்பா வீட்டுக்கு வந்துச்சு.

மோட்டார் எதுக்கு? பூமி சுத்துறதால வானம் மணிக்கு 15 டிகிரி நகருது. நூறு மடங்கு பெருக்கிப் பாத்தா, வியாழன் ரெண்டு நிமிஷத்துல கண்ணை விட்டு ஓடிடும். 1824-லயே ஜெர்மனியோட ஃபிரான்ஹோஃபர் தன்னோட பெரிய தொலைநோக்கியில கடிகார விசை வெச்சு இதைச் சமாளிச்சுட்டார். நமக்கு விசைக்குப் பதிலா 12 வோல்ட் டி.சி.

போன மார்கழியில ஒரு ராத்திரி அப்பாவை மாடிக்குக் கூப்பிட்டேன். முப்பது வருஷம் சிப்காட்ல மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியனா இருந்தவர். எத்தனையோ நைட் ஷிப்ட் பாத்தவர், வானத்தை மட்டும் நிமிந்து பாத்ததில்ல. இப்ப முழங்கால் வலி. ஒவ்வொரு படியா ஏறி வந்தார். நான் ஸ்டைலா பட்டனை அழுத்தினேன். மோட்டார் 'ஙொய்ய்'னு கிளம்புச்சு, பாதி வழியில கன்ட்ரோலர் அணைஞ்சு திரும்ப 'வெல்கம்'னு சொல்லுச்சு. செட் பண்ணின திசை எல்லாம் காலி. கையால திருப்பி வியாழனைப் புடிச்சா, அப்பா குனியறதுக்குள்ள ஓடிப்போச்சு. என் மாடியில ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு குருப்பெயர்ச்சி!

"பரவால்லப்பா, இன்னொரு நாள் பாத்துக்கலாம்"னுட்டு இறங்கிப் போனார். அவர் கைப்பிடியைப் புடிச்சு இறங்கறதைப் பாத்தப்ப எனக்குத்தான் பரவால்லாம இல்ல.

குத்தம் என்னோடதுதான். பழைய மோடத்தோட 1 ஆம்பியர் அடாப்டரை மாட்டியிருந்தேன். மவுன்ட் கையேட்டுல 11-ல இருந்து 15 வோல்ட், 2 ஆம்பியர், நடுமுனை பாசிட்டிவ்னு தெளிவா போட்டிருக்கு. லேப்டாப் சார்ஜரை மாட்டலாமான்னும் ஒரு யோசனை வந்துச்சு. அது 19 வோல்ட், மாட்டியிருந்தா போர்டு புகைஞ்சிருக்கும். கடைசியா 12 வோல்ட், 5 ஆம்பியர்ல ரெகுலேட்டட் அடாப்டர் வாங்கினேன். 5 ஆம்பியர்னா மோட்டார் எரியாதான்னு அம்மா கேட்டாங்க. எரியாது. டேங்க்ல எவ்ளோ தண்ணி இருந்தாலும் குழாயைத் திறந்த அளவுதானே வரும்? வோல்ட் பொருந்தணும், ஆம்பியர் கூடுதலா இருக்கலாம்.

மறுபடி மாடி. மறுபடி 'வெல்கம்'.

நொந்துபோய் கீழ வந்து மீட்டரைக் காட்டினேன். "ப்ளக் முனையில சரியா 12.1 காட்டுதுப்பா."

அப்பா டிவியில இருந்து கண்ணை எடுக்காம கேட்டார்: "லோடு குடுத்து அளந்தியா?"

அளக்கல. மோட்டார் ஓடும்போது அளந்தா 9.4. வில்லன் யாருன்னா, நான் இழுத்திருந்த பத்து மீட்டர் ஸ்பீக்கர் ஒயர். 0.2 ஸ்கொயர் எம்.எம். தாமிரம், போக வர இருபது மீட்டர், கிட்டத்தட்ட 1.75 ஓம். மவுன்ட் ஒன்றரை ஆம்பியர் இழுத்தா அதுலயே 2.6 வோல்ட் போயிடும். ஓம் விதி. பரீட்சையில நான் முழு மார்க் வாங்கின அதே விதி.

அடாப்டரை மவுன்ட் கிட்டயே வெச்சிடறேன்னேன். அதுக்குத்தான் டிவியை நிறுத்தினார். "மாடியெல்லாம் பனி. ஈரத்துல 230-ஐ வெளிய கொண்டு வராத. அடாப்டர் படிக்கட்டு ரூம்லயே இருக்கட்டும். ஒயரை மாத்து." வீட்டு வயரிங்ல மிச்சமான 2.5 ஸ்கொயர் ஒயரைப் பரண்ல இருந்து எடுக்கச் சொல்லி, அவரே முனை சீவி முறுக்கிக் குடுத்தார். அதே பத்து மீட்டருக்கு இழப்பு இப்ப கால் வோல்ட்டுக்கும் கம்மி.

அன்னைக்கு ராத்திரி வியாழன் நகராம நின்னுச்சு. அப்பா சேரைப் போட்டு உக்காந்து கால் மணி நேரம் பாத்தார். பக்கத்துல நாலு நிலா, 1610-ல கலிலியோ பாத்த அதே நாலு.

"நாலும் ஒரே கோட்டுல இருக்கே. வயரிங் பண்ணவன் வேலை தெரிஞ்சவன்"னார்.

இன்னும் ஒரு சிக்கல் பாக்கி. ஊர்ல கரன்ட் போனாத்தான் வானம் நல்லா தெரியும். கரன்ட் போனா மவுன்ட்டும் படுத்துக்கும். யு.பி.எஸ்.ல வர்ற 12 வோல்ட், 7 ஏ.ஹெச். பேட்டரி போடலாமான்னு யோசனை. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

டிஸ்கி: நான் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங். அப்பா ஐ.டி.ஐ. சிரிக்கிறவங்க சத்தமா சிரிக்கலாம் :)