டிவிடி பிளேயர்னு சொல்லிக் கொடுத்த பெட்டி

நைட் டூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போற வழியில ஒரு காயலான் கடை இருக்கு. போன மாசம் அங்க ஒரு பெட்டி கண்ணுல பட்டுச்சு. நல்ல அகலம், நல்ல கனம்.

"என்னண்ணே இது?"

"பழைய டிவிடி பிளேயர் சார். ஓடாது. நாளைக்குப் பிரிச்சிடுவேன், உள்ள காப்பர் இருக்கும்."

400 ரூபாய் கொடுத்துத் தூக்கிட்டு வந்துட்டேன். வீட்டுல கிடைச்ச வரவேற்பை இங்க எழுத முடியாது.

பிளக்கைச் சொருகப் போனவன் சட்டுனு நிறுத்திட்டேன். காரணம் ஒரு பழைய ராத்திரி.

ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப, ரோட்டுல மயங்கிக் கிடந்த ஒருத்தரைக் கொண்டு வந்தாங்க. "குடிச்சிருக்காரு சார்" னு கூட வந்தவர் சொன்னார். வாடையும் அடிச்சது. நானும் அதையே சீட்டுல எழுதி ஓரமாப் படுக்க வெச்சுட்டேன். அரை மணி நேரம் கழிச்சு ஸ்டாஃப் நர்ஸ் அக்கா, "சுகர் பார்த்தீங்களா டாக்டர்?" னு கேட்டாங்க. பார்த்தா 32. குளுக்கோஸ் ஏத்தின கொஞ்ச நேரத்துல எழுந்து உட்கார்ந்தார். சர்க்கரை மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாம இருந்திருக்கார். குடிச்சதும் உண்மைதான். ஆனா அவரைச் சாய்ச்சது குடி மட்டும் இல்ல.

வாசல்ல சொல்ற பேரு டயக்னோசிஸ் ஆகாது. அன்னிக்குப் படிச்ச பாடம்.

சரி, பெட்டிக்கு வருவோம். தொட்டுப் பார்க்காம கரண்ட் கொடுக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

முதல்ல தட்டோட அளவு. முன்பக்கக் கதவைத் தள்ளி டார்ச் அடிச்சா, உள்ள இருக்கிற தட்டு 30 சென்டிமீட்டர் டிஸ்க் உட்காருற அளவு. டிவிடி வெறும் 12 சென்டிமீட்டர். அப்போ டிவிடி பிளேயர் அடிபட்டுப் போச்சு.

அடுத்து, பெரிய வீடியோ டிஸ்க் எதுக்கெல்லாம் உண்டு? மூணு சந்தேகம். ஒண்ணு, அமெரிக்காவுல ஆர்சிஏ கம்பெனி 1981ல விட்ட சிஇடி. ரெண்டாவது, ஜப்பான்ல ஜேவிசி 1983ல விட்ட விஹெச்டி. இந்த ரெண்டுலயும் டிஸ்கை ஊசி தொட்டுப் படிக்கும். டிஸ்கைக் கையால தொடவே முடியாது, பிளாஸ்டிக் உறையோட சொருகினா மெஷின் டிஸ்கை மட்டும் உள்ள வாங்கிக்கும். நம்ம பெட்டியில உறை நுழையற வாய் இல்ல, வெளிய வர்ற தட்டு இருக்கு. அப்போ மிச்சம் மூணாவது: லேசர் டிஸ்க். 1978ல அமெரிக்காவுல விற்பனைக்கு வந்தது. லேசர்ல படிச்சாலும் படம் அனலாக்தான். சிடிக்கும் டிவிடிக்கும் பெரியப்பான்னு வெச்சுக்கோங்க.

வயசு? தட்டுல சின்ன சிடிக்கும் ஒரு பள்ளம் இருக்கு. ரெண்டையும் ஓட்டுற மெஷின் பின்னாடிதான் வந்தது. முன்னாடி "சிடிவி" னு ஒரு முத்திரை. அது 1987ல வந்த சமாச்சாரம். அதனால பெட்டி அதுக்கு அப்புறம் பிறந்ததுதான்.

முன்னாடி ரெண்டு மைக் ஓட்டை. நம்ம ஊர் டிவிடி பிளேயர்லயும் இது இருக்கும், கடைக்காரர் ஏமாந்தது இங்கதான். இது வீட்டுல பாட்டுப் பாடுற கராஓகே மாடல்.

கடைசியா பின்பக்கத் தகடு. தூசியைத் துடைச்சா "சிஎல்டி" னு மூணு எழுத்து, பயனியர் கம்பெனியோட வழக்கம். நம்பர் அழிஞ்சு போச்சு. அதுக்குக் கீழ இருந்ததைப் பார்த்ததும்தான் எனக்கு வேர்த்துச்சு: ஏசி 100 வோல்ட். ஜப்பான் உள்நாட்டு மெஷின். நம்ம 230ல சொருகியிருந்தா அன்னிக்கே கதை முடிஞ்சிருக்கும்.

ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்பார்மர் வாங்கினேன். டேப் ரெக்கார்டர் ரிப்பேர் பண்ற பெரியவர் ஒருத்தர்கிட்ட கொண்டு போனேன். மூடியைத் திறந்தவர் சிரிச்சார். "தட்டைத் தள்ளுற ரப்பர் பெல்ட் இளகிப் போச்சு தம்பி. அதான் ஓடலைன்னு தூக்கிப் போட்டிருக்காங்க." பெல்ட் மாத்த ஆன செலவு, மூணு டீ காசு. (நீங்க யாராவது திறக்கிறதா இருந்தா, மூடியைக் கழட்டிட்டு ஓட விட்டு உள்ள எட்டிப் பார்க்காதீங்க. லேசர் கண்ணுக்கு ஆகாது.)

தட்டு வெளிய வந்துச்சு. அதுல ஒரு டிஸ்க்! யாரோ கடைசியாப் பாடிட்டு எடுக்க மறந்தது. ஓட விட்டோம். படம் முழுக்கப் புள்ளிப் புள்ளியா மினுக்குது. டிஸ்கோட ரெண்டு பக்கத்தையும் ஒட்டின இடத்துல அலுமினியம் அரிச்சுப் போனா இப்படித்தான், லேசர் ராட்னு சொல்வாங்க. ஆனா பாட்டு வந்துச்சு. ஜப்பானிய எழுத்து கீழ ஓட, நாங்க ரெண்டு பேரும் ஒண்ணும் புரியாம முழுசாக் கேட்டோம்.

மறுநாள் காயலான் கடை அண்ணன்கிட்ட வீடியோவைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இதே மாதிரி இன்னொண்ணு போன வருஷம் வந்துச்சு சார். பிரிச்சுட்டேன்" னார்.

இப்போ புரியாத பொருள் எது வந்தாலும் எனக்கு போட்டோ அனுப்புறார். ஓபி நடுவுல பார்க்க முடியாது, சாயங்காலம் பதில் சொல்றேன். அதுவரைக்கும் பிரிக்க மாட்டார்.