தாத்தாவோட மடக்குக்கத்தி

அரியலூர் பக்கம் ஆடு மேய்க்கிறவங்க தழை அறுக்க தொரட்டி வச்சிருப்பாங்க. கயிறு அறுக்க, வேப்பங்குச்சி சீவ, முள்ளு எடுக்க மடியில ஒரு மடக்குக்கத்தி.

அமெரிக்க மாட்டுக்காரங்களோட ஸ்டாக்மேன் கத்தியில மூணு அலகு. அதுல 'ஸ்பே'ங்கிறது காயடிக்கவே வந்தது. நம்மூர்ல அதுக்கு பர்டிசோ கிடுக்கி, தோல் கிழியாது, ரத்தம் வராது (படிக்கும்போதே கூசுதா? :-)).

ஆசைப்பட்டு ஒண்ணு வாங்கி தாத்தாகிட்ட காட்டினேன். "மூணு எதுக்குடா? ஒண்ண ஒழுங்கா தீட்டினா போதாதா?"ன்னார்.

அவர் போனதும் ஆடுகளை வித்துட்டோம். கத்தியை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கிட்டேன். கார்பன் எஃகு, விட்டா துருப்பிடிக்கும். வாராவாரம் தேங்காயெண்ணெய் தடவுறேன். ஸ்டாக்மேன் டப்பாவுலயே கிடக்கு. விமானத்துல கைப்பையில கத்தி கூடாதே, அதனால ஊருக்கு ரயில்தான்.