பட்டியலில் இல்லாத ஒலி

கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையிலிருந்து நோக்கினால் வாவியும், 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பழைய பாலமும் தெரியும். சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் அங்கே அமர்ந்து, என் தாய்மாமனும் நானும் மறைந்துபோன ஓர் ஒலியைத் தேடினோம். அக்கதையை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மாமா இளமையிற் கிற்றார் வாசித்தவர். 1970ஆம் ஆண்டளவில் பறங்கிய நண்பர்களோடு சேர்ந்து கலியாண வீடுகளில் பைலா வாசிப்பார். அவருடைய ஒலிபெருக்கி கடையில் வாங்கியதன்று. நகரத்தில் வானொலி திருத்தும் ஒருவர், பழைய வானொலிகளிற் கழற்றிய வால்வுகளைக்கொண்டு ஒரு மரப்பெட்டியில் அமைத்துக் கொடுத்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி வந்தபோது அப்பெட்டியும் போயிற்று. அன்று போன உயிர்களை எண்ணும்போது ஒரு பெட்டிக்காக வருந்துவது தகாது என்று மாமா அதைப்பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். கிற்றாரையும் தொடவில்லை.

அண்மையில் நான் வாங்கிய இலக்கமுறை ஒலிபெருக்கி அந்த மௌனத்தைக் கலைத்தது. அதனுள்ளே வால்வு ஒன்றுமில்லை. கணினிச் சில்லுதான் உண்டு. கிற்றாரின் ஒலியை நொடிக்கு நாற்பதினாயிரம் தடவைக்கு மேல் அளந்து, பழைய ஒலிபெருக்கியின் வால்வும் மின்மாற்றியும் ஸ்பீக்கரும் அவ்வொலியை எவ்வாறு மாற்றியிருக்கும் என்று கணித்து வெளியிடுகிறது. 1998இல் அமெரிக்காவின் லைன் 6 நிறுவனம் ‘பொட்’ என்னும் சிறு கருவியை வெளியிட்ட பின்னர் இவ்வித்தை வீடுகளிலும் பரவிற்று.

இத்துணை முயன்று இக்கருவி போலச்செய்வது ஒரு குறைபாட்டையே என்பது வியப்பு. தாங்கும் எல்லைக்கு மேல் முடுக்கப்பட்ட வால்வில், ஒலியலையின் உச்சி சட்டென வெட்டுண்டு போகாமல் வளைந்து மழுங்கும். அதனால் மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் பிறந்து நாதம் தடிக்கும். பொறியியலாளர் பிழையெனக் கண்டதை வாத்தியக்காரர் அழகெனக் கொண்டனர்.

மாமா கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டார். விரல்கள் முதலில் இணங்கவில்லை. ஃபெண்டர், வொக்ஸ், மார்ஷல் என்று கருவியின் பட்டியலில் உள்ள பெயர்களை நான் ஒவ்வொன்றாகத் திருப்ப, அவர் வாசித்துப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு, மருமகன். ஆனா எங்கட பெட்டி இதுக்குள்ள இல்லையே” என்றார்.

இவை உலகப் புகழ் பெற்றவை என்று மறுமொழி சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் மார்ஷலின் வரலாறு நினைவுக்கு வந்தது. 1962இல் லண்டனில் ஜிம் மார்ஷலும் அவருடைய உதவியாளர்களும் அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மனின் மின்சுற்றைப் பின்பற்றித்தான் தங்கள் முதல் ஒலிபெருக்கியைச் செய்தனர். அங்கே கிடைத்த உறுப்புகளைப் பூட்டியதால் வேறொரு நாதம் பிறந்தது. எங்களூர் வானொலித் திருத்துநர் செய்ததும் இதனையொத்த வேலையே. மார்ஷல்கள் பெருந்தொகையாய்ப் பிழைத்திருந்து அளக்கப்பட்டன. எங்களிடம் இருந்ததோ ஒன்றே ஒன்று.

2011இல் ஜெர்மனியின் கெம்பர் நிறுவனம், ஓர் ஒலிபெருக்கியின் ஓசையை நேரே கேட்டு அதன் சாயலைப் பதித்துக்கொள்ளும் கருவியைக் கொண்டுவந்தது. மாமாவின் பெட்டி இன்னும் ஏழாண்டு தப்பியிருந்தால் அதன் சாயலும் எஞ்சியிருக்கலாம்.

இனி இருப்பது அவருடைய நினைவு மட்டுமே. அதைக் கேட்டேன். சிறிது யோசித்தார். கலியாண வீட்டில் இரவானதும் மின்சாரம் தளரும், விளக்குகள் மங்கும், அந்நேரம் கம்பியை அழுத்தி மீட்டினால் ஒலி ஒருகணம் அமிழ்ந்து மெல்ல எழும்பும் என்றார். என் கருவியில் மின்னழுத்தத் தளர்ச்சியைப் போலச்செய்யும் அமைப்பு ஒன்று உண்டு. அதுவரை அதன் பயனை நான் அறிந்திலேன். அதனைக் கூட்டி, கீச்சொலியைக் குறைத்து, சிறிய ஸ்பீக்கர் ஒன்றைத் தெரிந்தேன்.

மாமா ஒரு பைலா மெட்டைத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். வாவியைப் பார்த்தபடி, “கிட்ட வந்திட்டுது” என்றார். கிடைத்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை. ஆயினும் தொடர்ந்து வாசித்தார். அம்மா அடுக்களையை விட்டு வந்து நிலையில் சாய்ந்து நின்றாள்.

எங்கள் வாவியின் மீன்பாட்டைக்கூட நீரினுள் ஒலிவாங்கி இறக்கிப் பதிவுசெய்தார், அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு குருவானவர். மாமாவின் வாசிப்பை வீட்டிலிருந்த நாங்கள் ஒருநாளும் பதிவுசெய்யவில்லை. அன்று பதிவுசெய்தேன். உங்கள் வீட்டிலும் அத்தகைய கைகள் இருப்பின், நாளைக்கென்று ஒத்திப்போடாதீர்கள்.

புறப்படும்போது மாமா கிற்றாரைத் திருப்பித் தரவில்லை. “அடுத்த கிழமை புதுக் கம்பி வாங்கிக்கொண்டு வா” என்றார்.