ஒண்டாச்சி என்றொரு குடும்பப் பெயர்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

அன்புள்ள ஆரணி,

உன் கடிதமும் பிள்ளையின் படமும் கிடைத்தன. நெற்றி அக்காவின் நெற்றி, மூக்கு மருமகனுடையது. அக்கா சரக்குத்தூள் போட்டுப் பத்தியக் கறி வைத்துத் தருகிறா என்று எழுதியிருந்தாய். அலுத்துப்போனாலும் மறுக்காமல் சாப்பிடு. இந்த நாளில் உடம்பைத் தேற்றிக்கொண்டால்தான் பிறகு நாரி நோவு வராது என்பார்கள்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளையின் பிறப்புப் பதிவில் குடும்பப் பெயரை என்னவென்று எழுதுவது? மருமகனுக்குக் குடும்பப் பெயராக இருப்பது அவருடைய அப்பாவின் பெயர். ‘வைத்திலிங்கம்’ என்பது ரொறன்ரோவில் யாருடைய வாயிலும் நுழைவதில்லை, ‘லிங்கம்’ என்று சுருக்கிவிடலாமா என்று யோசிக்கிறீர்கள். எங்களுக்குள் அப்பாவின் பெயர் பிள்ளையோடு போகும், பேரப்பிள்ளையோடு போகாது. தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே இருக்கும். இப்போது நீங்கள் எழுதப்போகும் பெயர் அப்படி மாறாது. உன் பேரனின் பேரனுக்கும் அதுவே பெயராகலாம். அதனால் ஆறுதலாக யோசித்துச் செய்ய வேண்டிய காரியம் இது. எனக்கு இதில் ஒரு எண்ணம் உண்டு. அதைச் சொல்ல ஒண்டாச்சி குடும்பத்தின் கதையைச் சொல்லவேண்டும்.

மைக்கேல் ஒண்டாச்சியை உனக்குத் தெரியும். நீ இருக்கும் கனடாவின் எழுத்தாளர், பிறந்தது 1943இல் இந்தக் கொழும்பில். அந்தப் பெயரைப் பார்க்கிற எவரும் ஒல்லாந்துப் பெயர் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் அதன் தொடக்கம் தஞ்சாவூரில்.

ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்தது 1656இல். அந்நாளில் ஆளுநராக இருந்தவர் அட்ரியான் வான் டெர் மெய்டன். அவர் வீட்டு நோயைத் தீர்க்கத் தஞ்சாவூரிலிருந்து ஒரு வைத்தியர் 1659இல் வரவழைக்கப்பட்டார் என்று குடும்ப வரலாறு சொல்கிறது. நோய் ஆளுநரின் மனைவிக்கு என்பார்கள். மைக்கேல் தன் குடும்பத்தைப் பற்றி 1982இல் எழுதிய நூலில் மகளுக்கு என்கிறார். வந்தவர் திரும்பிப் போகவில்லை. கிறிஸ்தவராகி, கொழும்பிலேயே கல்யாணம் செய்து, இங்கேயே வேரூன்றிவிட்டார். அவருடைய தமிழ்ப் பெயரை ஒல்லாந்தர் தங்கள் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனி. எங்கள் ‘ச்சி’ என்ற ஒலிக்கு ஒல்லாந்த மொழியில் நேரான எழுத்து இல்லை. டி, ஜே இரண்டையும் சேர்த்துத்தான் எழுதுவார்கள். அவர்கள் ஆண்ட ஜாவாவிலும் இதே வழக்கம் இருந்தது; இந்தோனேசியா 1972இல்தான் அதை மாற்றியது. அத்தோடு, டி, ஜே, ஈ என்று முடியும் சொல் அவர்களுடைய மொழியில் ஏராளம். சின்னது, செல்லமானது என்று காட்டப் பெயர்ச்சொல்லின் கடைசியில் சேர்க்கிற விகுதி அது. இப்படித் தமிழ் வாலொன்று ஒல்லாந்த வாலாகத் தோற்றம் மாறியது. வாயால் சொல்லும்போது மட்டும் இன்றைக்கும் ‘ஒண்டாச்சி’தான். எழுத்து ஊர் மாறினாலும் ஒலி பழைய ஊரிலேயே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு அந்தப் பெயர் போன தூரத்தைப் பார். அந்த வைத்தியரின் வழியில் வந்த வில்லெம் யூரியான் ஒண்டாச்சி நெதர்லாந்துக்குப் போய்ப் படித்துப் போதகராகத் திரும்பினார். அவருடைய மகன் குவின்ட் ஒண்டாச்சி 1758இல் கொழும்பில் பிறந்தார். குவின்ட் என்பது தாய் வழியில் வந்த பெயர். அவரும் நெதர்லாந்துக்குப் படிக்கப் போன இடத்தில் அரசியலில் இறங்கி, உட்ரெக்ட் நகரில் மக்களாட்சி கேட்ட தேசபக்தர் இயக்கத்தின் முன்னணித் தலைவராகிவிட்டார். 1786இல் அந்த நகரில் பழைய சபையை அகற்றி, நகரத்தார் தெரிந்தெடுத்த சபை அமர்ந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்கு மூன்று வருடம் முந்திய சங்கதி இது. அடுத்த வருடமே பிரஷ்யப் படை உள்ளே வந்தது. குவின்ட் பிரான்சுக்குத் தப்பி ஓடினார். 1795இல் காலம் மாறியபின் திரும்பினார். கடைசியில் 1818இல் பட்டாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், கண்மூடினார். ஒல்லாந்தரின் குடியாட்சி வரலாற்றை எழுதுகிற எவரும் தஞ்சாவூரிலிருந்து வந்த இந்தப் பெயரை எழுதாமல் தாண்ட முடியாது. இதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்லியம் சார்ள்ஸ் ஒண்டாச்சி வந்தார். அவர் பேராதனைப் பூங்காவில் வேலை பார்த்த தாவரவியலாளர். மூலிகையோடு வந்த வைத்தியரின் சந்ததி மறுபடி செடிகொடியிடமே போய்ச் சேர்ந்தது. பிறகு மைக்கேல். அவருடைய ‘தி இங்கிலிஷ் பேஷண்ட்’ 1992இல் புக்கர் பரிசு பெற்றது. அந்தப் பரிசின் ஐம்பதாம் ஆண்டான 2018இல், அதுவரை பரிசு பெற்ற நாவல்களுக்குள் சிறந்தது அதுவே என்று வாசகர்கள் தெரிந்தெடுத்தார்கள். பரிசுப் பணத்தைக் கொண்டு இலங்கையில் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்காக அவர் ஒரு விருதை ஏற்படுத்தி, ‘கிரேஷியன்’ என்று தாயின் குடும்பப் பெயரைச் சூட்டினார். லண்டனில் தேசிய உருவப்பட மாளிகையின் ஒரு பகுதிக்கும், ஒரு நிலத்தின் உயிரைச் சொல்லும் நூலுக்குக் கொடுக்கப்படும் ஓர் இலக்கியப் பரிசுக்கும் அவருடைய தமையன் கிறிஸ்டோபரால் ஒண்டாச்சி என்ற பெயர் வந்தது. 2016இல் இலங்கையில் கண்டறிந்த ஒரு சிலந்திக்கு மைக்கேலின் பெயரை வைத்து ‘பிரிக்னோலியா ஒண்டாச்சியை’ என்றார்கள்.

இவ்வளவும் புகழுக்காகச் சொல்லவில்லை. உட்ரெக்ட் நகர சபை, பேராதனைப் பூங்கா, புக்கர் மேடை மூன்றிலும் நிற்கிறவர்கள் ஒரே வீட்டார் என்று நாங்கள் எப்படி அறிந்தோம்? பெயர் அபூர்வமானதால் அறிந்தோம். போர்த்துக்கேயர் காலத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குப் பெரேரா, பெர்னாண்டோ, சில்வா என்று பெயர் வந்தது. நல்ல பெயர்கள்தான். ஆனால் இந்தத் தீவில் ஊருக்கு ஊர் அந்தப் பெயர்க்காரர் இருக்கிறார்கள். அதற்குப் பின்னால் இருந்த தமிழ்ப் பெயரையோ சிங்களப் பெயரையோ அந்தக் குடும்பப் பெயரை மட்டும் கொண்டு தேடிப் பிடிக்க வழியில்லை. தஞ்சாவூர் வைத்தியருக்கும் பெரேரா என்று எழுதியிருந்தால் அவரும் அந்தக் கூட்டத்தில் கரைந்திருப்பார். எங்கள் பக்கத்துக் கொழும்புச் செட்டிமாரிடம் ‘கந்தப்பா’ என்ற குடும்பப் பெயர் இருக்கிறது. பல தலைமுறைக்கு முன்பே கோயிலை விட்டுக் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவர்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் வீட்டின் பழைய வழி தெரிந்துவிடுகிறது.

1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தபின் ஒண்டாச்சி வீட்டாரைப் போன்ற பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்கும் மற்ற நாடுகளுக்கும் போய்விட்டார்கள். இங்கே கேள்விப்பட்ட எத்தனையோ குடும்பப் பெயர்கள் இன்று இங்கே இல்லை. எங்கள் சனமும் பிறகு அப்படித்தான் போனது. போன இடத்தில் நீளமான பெயர்கள் வெட்டுப்படுகின்றன. அதுதான் என் கவலை.

‘லிங்கம்’ என்று வைத்தால் சொல்லச் சுலபம். ஆனால் மகாலிங்கம், சிவலிங்கம், இராமலிங்கம் எல்லோரும் வெட்டிக்கொண்டு வந்து நிற்கிற இடம் அது. நூறு வருடத்துக்குப் பிறகு உன் வம்சத்துப் பிள்ளை ஒன்று தன் வேரைத் தேடினால் அந்த நான்கு எழுத்து எந்த வாசலுக்குக் கொண்டுபோகும்? வைத்திலிங்கம் என்று முழுதாக எழுதினால், தேடவேண்டிய வீடுகள் அதைவிடக் குறையும். தேடுகிற பிள்ளைக்கு உங்கள் வீட்டுக்கு வந்துசேர வழி கிடைக்கும். கனடாக்காரர் ஒண்டாச்சியைச் சொல்லப் பழகினார்கள். வைத்திலிங்கத்தையும் பழகுவார்கள்.

ஆகவே என் விருப்பம் முழுப் பெயர். ஆங்கில எழுத்துக்கூட்டலை நீங்கள் இருவரும் இருந்து தீர்மானித்து, பிறப்புப் பத்திரம், கடவுச்சீட்டு, பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுதுங்கள்; கந்தோரில் இருக்கிறவர் தன் காதில் விழுந்தபடி எழுத விடவேண்டாம். இன்னொன்று, பெயர் மட்டும் போதாது. ஒண்டாச்சி வீட்டார் வம்ச வரலாற்றைக் கைவிடாமல் வைத்திருந்ததால்தான் தஞ்சாவூர் என்ற ஊர் எங்களுக்குத் தெரிகிறது. உன் மாமியிடம் கேட்டு, மாமனார் எந்த ஊரில் எந்த வருடம் பிறந்தார், என்ன தொழில் செய்தார், அவருடைய தாய் தகப்பன் பெயர் என்ன என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பிள்ளையின் பத்திரங்களோடு வை. மாமிக்கு ஞாபகம் நன்றாக இருக்கும்போதே கேட்டுவிடு. எங்கள் பக்கத்து விபரங்களை நான் எழுதி அடுத்த கடிதத்தோடு அனுப்புகிறேன்.

தீர்மானம் உங்களுடையது. நீங்கள் எதை எழுதினாலும் பிள்ளை எங்கள் பிள்ளைதான். பதிந்த கையோடு எழுத்துக்கூட்டலை எனக்கு அறிவி. அக்காவுக்கும் மருமகனுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் சின்னம்மா