சாக நினைக்கும் மனமும் வாழத் துடிக்கும் உயிரும்

சிறு வயதில் யார் அதிக நேரம் மூச்சை அடக்குவது என்று பந்தயம் கட்டி விளையாடியிருப்போம். எத்தனை பிடிவாதக்காரனும் ஒரு கட்டத்தில் தோற்றுப்போவான். இரத்தத்தில் கரியமிலவாயு கூடியதும், மூளை நம்மிடம் அனுமதி கேட்காமலே நுரையீரலை இயக்கிவிடும். உயிர் வாழ வேண்டும் என்ற ஆணை நம் விருப்பத்துக்கும் அடியில் எழுதப்பட்டிருக்கிறது.

அப்படிப்பட்ட உடலுக்குள் இருந்துகொண்டுதான் மனம் சில நேரங்களில் "போதும்" என்கிறது. உலகில் ஆண்டுதோறும் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தற்கொலையால் இறக்கிறார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வாழத் துடிக்கும் உயிரில் இந்த எண்ணம் எப்படி முளைக்கிறது?

இக்கேள்விக்காகவே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் அமெரிக்க உளவியலாளர் எட்வின் ஷ்னைட்மன். 1958இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். தற்கொலையை நினைப்பவர் தேடுவது தாங்க முடியாத மனவலிக்கு ஒரு முடிவை. வேறு வழி கண்ணில் படாதபோது சாவே வழி என்று தோன்றிவிடுகிறது. அதே மனம் யாராவது வந்து தடுக்கமாட்டார்களா என்றும் ஏங்கும். இந்த இரட்டை நிலையை அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார்.

இதை நான் நூலில் படிப்பதற்கு முன்பே ஒரு நண்பனிடம் கண்டேன். கிள்ளானைச் சேர்ந்தவன், குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் வந்தவன். இரண்டு பாடங்களில் தோல்வி. கல்விக் கடன் நிறுத்தப்படுமோ என்ற அச்சம் வேறு. ஒருநாள் இரவு பிரிக்பீல்ட்ஸ் உணவுக்கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தபோது, "நான் இல்லன்னா வீட்டுக்குச் செலவாவது கொறையும்டா" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சாகணும்னு நெனைக்கிறியாடா?" என்று நேராகவே கேட்டேன்.

வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "சாகணும்னு இல்லடா. நாளைக்குக் காலையில எழுந்திரிக்காம இருந்தா போதும்னு இருக்கு" என்றான். அதன்பின் பேச்சு நிற்கவே இல்லை. அப்பாவின் நம்பிக்கை, தேர்வுத் தாள், உறவினர்களின் விசாரிப்பு என்று எல்லாம் வந்தது. பேச்சினூடே, ஆறிப்போன ரொட்டி சானாயைக் கடைசித் துண்டுவரை சாப்பிட்டுவிட்டான். கிள்ளானுக்குக் கடைசி இரயில் போய்விட்டது. என் அறையிலேயே படுத்துக்கொண்டான். காலையில் அவனுடைய அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னோம். அந்த வாரமே மருத்துவரைப் பார்த்தான். இன்று அவன் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படி நடப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தற்கொலை முயற்சியிலிருந்து பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை என்பதும் ஆய்வுகளில் தெரியவந்த உண்மை. அந்த எண்ணம் அலைபோல் எழும், உச்சத்தைத் தொடும், பின் தணியும். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்டபோது, 1995இல் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்த தற்கொலை விகிதம் இருபது ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கியது. நம் தோட்டப்புறங்களில் பல குடும்பங்களைக் கலங்கவைத்த களைக்கொல்லி ஒன்றும் 2020 சனவரி முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. அலை தணியும்வரை அவகாசம் கிடைத்தால் பலர் கரையேறிவிடுகிறார்கள்.

அந்த அவகாசத்தை நம் நாட்டுச் சட்டமே நெடுங்காலம் குறுக்கிவைத்திருந்தது. தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவருக்கு ஓராண்டுவரை சிறை என்றது. பிரிட்டிஷார் விட்டுச்சென்ற சட்டம் அது. இங்கிலாந்து 1961லேயே தன் நாட்டில் அதைக் குற்றமில்லை என்று ஆக்கிவிட்டது. இலங்கை 1998இலும் சிங்கப்பூர் 2020இலும் அத்தகைய பிரிவை நீக்கின. மலேசியா நீக்கியது 2023இல். அதுவரை, உதவி கேட்க நினைத்தவர் போலீசுக்கும் பயப்பட வேண்டியிருந்தது.

சட்டம் மாறிவிட்டது. நம் வீடுகள் மாறினவா? 2000களின் இறுதியில் தேசியத் தற்கொலைப் பதிவேடு எடுத்த கணக்கில், மக்கள்தொகை விகிதப்படி இந்தியர்களே முதலிடத்தில் இருந்தார்கள். வறுமை, குடி, குடும்பச் சண்டை என்று காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் "ஊர் என்ன சொல்லும்?" என்ற கேள்வி நம் வீடுகளில் எவ்வளவு சத்தமாக ஒலிக்கிறது என்பது நமக்குத் தெரியும். மானம் போனால் உயிரையும் விடவேண்டும் என்று கவரிமாவைக் காட்டி மேடைகளில் முழங்குகிறோம். அந்த உவமை வரும் அதே திருக்குறளில்தான் 'இடுக்கண் அழியாமை' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அதை ஏன் அத்தனை உரக்கச் சொல்வதில்லை? தேர்வில் தோற்பது மானக்கேடு ஆகாது. அடுத்த பருவத்தில் மீண்டும் எழுதலாம்.

நண்பர்களே, விடுதியில் அடுத்த அறையில் இருப்பவர் சாப்பிட வராமல் இருக்கிறாரா? வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாரா? தமக்குப் பிடித்த பொருள்களை மற்றவருக்குக் கொடுக்கிறாரா? போய்க் கதவைத் தட்டுங்கள். அறிவுரையைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டுக் கேளுங்கள். பதில் உங்களை மிரட்டினால் அவரைத் தனியாக விடாதீர்கள். குடும்பத்தாரிடமோ விரிவுரையாளரிடமோ மருத்துவமனையிலோ சேர்த்துவிடுங்கள்.

இதைப் படிக்கும் உங்களுக்கே அப்படி ஓர் எண்ணம் இருந்தால், இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். தெரிந்தவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் முகம் தெரியாதவரிடம் சொல்லலாம். 1970 முதல் இயங்கிவரும் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். உங்கள் உயிர் இன்னும் உங்கள் பக்கம்தான் நிற்கிறது. அதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.