டீசலில் தண்ணீர்: பழைய லாரிக்கு ஒரு கூடுதல் ஃபில்டர்

தக்காளி லோடோடு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கிளம்பும் மினி லாரி பாதி வழியில் நின்றால், அன்றைய விலை போச்சு. போன மழைக்காலத்தில் எங்கள் வண்டி இரண்டு முறை நின்றது. மெக்கானிக் டேங்கின் அடி நட்டைக் கழற்றியதும் தண்ணீரும் துருவும்தான் முதலில் வந்தன. தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில் தங்கும். நாசில் வரை போனால் செலவு பெரிது.

டேங்கைக் கழுவி, அதற்கும் பழைய ஃபில்டருக்கும் நடுவில், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரும் 12 வோல்ட் மின்சாரப் பம்பும் சேஸில் பொருத்தினோம். பம்ப் டேங்குக்குப் பக்கத்தில், தாழ்வாக இருப்பது நல்லது. தள்ளுவது அதற்குச் சுலபம், இழுப்பதுதான் சிரமம்.

“பிரஷர் அதிகமானதே வாங்குங்க” என்றார் கடைக்காரர். எனக்கு ஒப்பவில்லை. சில இன்ஜின்களில் அதிக பிரஷர் மெயின் பம்பின் சீலைத் தள்ளி, டீசலை இன்ஜின் ஆயிலில் கலந்துவிடும். இன்ஜினுக்குச் சொன்ன அளவுதான் வேண்டும்.

வயரிங்கில் கஞ்சத்தனம் கூடாது. ஃபியூஸ், ரிலே, கூடவே ஆயில் பிரஷர் சுவிட்ச். விபத்தில் ஓஸ் அறுந்து இன்ஜின் நின்றால் பம்பும் நிற்க வேண்டுமே!

டேங்கிலிருந்து பம்ப் வரை ஓஸ் கிளிப் தளர்ந்திருந்தால் வெளியே ஒரு சொட்டும் கசியாமல் இருக்கலாம். காற்று மட்டும் உள்ளே போகும். காலையில் ஸ்டார்ட் ஆக மக்கர் செய்தால் முதலில் அங்கே பாருங்கள்.

மைலேஜ் கூடுமா என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கேட்டார். அதற்காகப் போடுவதில்லை அண்ணே என்றேன். சனிக்கிழமைதோறும் கிண்ணத்தின் அடித் திருகைத் திறக்கிறேன். மழை பெய்த வாரம் அரை டம்ளர் தண்ணீர் வந்தது.