முரானோத் தீவின் மணித்துளை

வெனிஸ் நகரிலிருந்து படகேறி முரானோத் தீவை அடைந்தோம். நெருப்புக்கு அஞ்சி 1291ஆம் ஆண்டிலே வெனிசின் கண்ணாடி உலைகள் இங்கு மாற்றப்பட்டன. பட்டறையொன்றில் மூதாட்டியார் ஒருவர், களிமண் குழம்பு பூசிய எஃகுக் கம்பியில் உருகிய கண்ணாடியைச் சுற்றி மணி செய்துகொண்டிருந்தார். மணி நன்றாக ஆறியபின் கம்பியை உருவினாலும் துளையிலே மண் ஒட்டியிருக்கும். அதை அகற்றுவதில் அவருக்கு எத்துணை கவனம்! ஆறிய மணியை நீருள் அமிழ்த்தி, வைரத்தூள் பதித்த மெல்லிய அரத்தை மெதுவாகச் சுழற்றினார். உலர்ந்தபடி அராவினால் எழும் தூசு நுரையீரலைக் கெடுக்கும். அழுத்தினாலோ மணி பிளந்துவிடும். துளைவாயின் கூர் மழுங்காவிடில் கோத்த நூலும் அறுந்துபோகும். கழுவிய மணியை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தார். வெண்மண் சிறிது தென்படவே, மறுபடியும் நீரில் இட்டார். விலை கேட்டு மலைத்து நின்ற நாம், அதன்பின் பேரம் பேசவில்லை.